கோர்தோபாவுக்குப் போகும் முன் மாளிகைமேடு



பதிவு கொஞ்சம் நீளம். ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சென்னையில் இருக்கும் மகளும் மருமகனும் இந்த மே விடுமுறைக்கு ஸ்பெயின் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். தெற்கு ஸ்பெயினில் கோர்தோபா, செவில்லா, கிரனாடா என்று மூன்று ஊர். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது மகள் தன் லேப்டாப்பைத் திறந்து எக்செல் அட்டவணையைக் காட்டினாள். எந்த நாள் எந்த ரயில், எந்தக் கோட்டைக்கு எத்தனை மணி நேரம், எங்கே சாப்பாடு என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தாள். "மாமா, நீங்க முப்பது வருஷம் பாடம் நடத்தின ஊருங்கதானே, நீங்களும் வாங்க" என்றார் மருமகன். எனக்கு முழங்கால் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அட்டவணையை மட்டும் விடாமல் படித்தேன்.

கோர்தோபாவுக்கு இரண்டு நாள். அதில் பெரிய மசூதிக்கு அரை நாள். சரி. அதற்கடுத்த கட்டத்தில் "மதீனா அசஹாரா, அரை நாள்" என்று இருந்தது. "இது என்ன பாப்பா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியுமா என்று பார்க்கத்தான். வாத்தியார் புத்தி.

"அது ஒரு ராஜா கட்டின ஊருப்பா. எழுபது எண்பது வருஷத்துல அழிஞ்சு போச்சு. இப்ப அஸ்திவாரமும் கொஞ்சம் தூணும்தான் இருக்காம். ஆனா போய்ட்டு வந்தவங்க எல்லாரும் அதை விட்டுடாதீங்கன்னு எழுதியிருக்காங்க."

பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த பேத்தி தலையைத் தூக்கினாள். ஆறாம் வகுப்பு. "அரண்மனைன்னா ராஜா தூங்குற இடமா? நம்ம கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜா எங்க தாத்தா தூங்குவாரு?"

அவளை நாங்கள் அந்தக் கோயிலுக்கு நாலு முறை கூட்டிப் போயிருக்கிறோம். ஒரு முறையாவது மாளிகைமேட்டுக்குக் கூட்டிப் போனோமா? இல்லை. கோயிலில் இருந்து இரண்டு கிலோமீட்டர். நான் பதில் சொல்லாமல் முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

முதலில் கோர்தோபா கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் கதைக்கு அது உதவும்.

கோர்தோபா ரோமானியர் காலத்திலிருந்தே பெரிய ஊர். குவாதல்கிவீர் என்ற ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்தப் பெயரே அரபு மொழியில் "பெரிய ஆறு" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. 8ஆம் நூற்றாண்டில் அரபு அரசர்கள் கைக்குப் போனது. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் அங்கே பெரிய மசூதியைக் கட்டத் தொடங்கினார். பின்னால் வந்தவர்கள் அதை மூன்று முறை பெரிதாக்கினார்கள். உள்ளே நுழைந்தால் 850க்கு மேற்பட்ட தூண்கள், அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாக வளைவுகள். அந்தத் தூண்களில் பல, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்தவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன். 1236இல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் பெர்னாண்டோ ஊரைப் பிடித்ததும் மசூதி தேவாலயமானது. 1523இல் அதன் நட்டநடுவே ஒரு கதீட்ரலை எழுப்பத் தொடங்கினார்கள். இன்றும் அப்படியே, தூண் காட்டுக்குள் ஒரு தேவாலயம்.

அந்த ஊரின் உச்சம் 10ஆம் நூற்றாண்டு. 929இல் மூன்றாம் அப்துர் ரஹ்மான் தன்னைக் கலீபா என்று அறிவித்துக்கொண்டார். பட்டம் பெரிதானால் இருக்கும் வீடு சிறிதாகத் தெரியும் போலிருக்கிறது. 936இல், கோர்தோபாவுக்கு மேற்கே ஏழெட்டு கிலோமீட்டரில், மலையடிவாரத்தில் மூன்று அடுக்காக ஒரு புது நகரத்தைக் கட்டத் தொடங்கினார். அதுதான் மதீனா அசஹாரா. பளிங்குக் கூடம், தோட்டம், நீர்த்தொட்டி, அலுவலகம், படைவீடு எல்லாம் அங்கே. உள்நாட்டுச் சண்டை வந்தது. 1010இல் சூறையாடப்பட்டது. 1031இல் கலீபா பதவியே ஒழிந்தது. பிறகு பல நூறு ஆண்டுகள் அக்கம்பக்கத்தில் வீடும் மடமும் கட்டுகிறவர்களுக்கு அது கல் எடுக்கும் குவாரியானது. 1911இல்தான் முறையாகத் தோண்ட ஆரம்பித்தார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் பத்தில் ஒரு பங்குதான் வெளியே வந்திருக்கிறதாம். உடைந்து கிடந்த செதுக்குத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று பொருத்தி ஒரு கூடத்தின் சுவரை மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே அருங்காட்சியகம், அங்கிருந்து மேலே போகப் பேருந்து. 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

1010 என்று சொன்னேன் அல்லவா? அதே 1010இல்தான் இங்கே ராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்தான். அங்கே ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்த ஆண்டில் இங்கே கலசம் ஏறியது. அங்கே கலீபா ஆட்சி ஆட்டம் கண்டுகொண்டிருந்த 1020களில்தான் ராஜேந்திரன் தஞ்சையை விட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே, நம் அரியலூர் மாவட்டத்து முந்திரிக்காட்டு மண்ணில் ஒரு புது நகரம் கட்டினான். வகுப்பில் இதை ஒரே பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப் போட்டிருக்கலாம். முப்பத்து நாலு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஸ்பெயின் பத்தாம் பாடம், சோழர் நாலாம் பாடம். இரண்டுக்கும் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும்.

இனி நம் விடுமுறைத் திட்டம். மகளிடம் சொல்லிவிட்டேன்: ஸ்பெயினுக்குப் போகும் முன் இரண்டு நாள் இங்கே வர வேண்டும். அட்டவணை நான் போடுகிறேன், எக்செல்லில் இல்லை, பழைய டைரியின் பின்பக்கத்தில்.

முதல் நாள், சனிக்கிழமை. அரியலூரிலிருந்து விடிவதற்குள் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரப் பயணம். ஜெயங்கொண்டத்தில் டீ. அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போகக் கூடாது. முதலில் பொன்னேரி.

இது என் சொந்தத் தீர்மானம். எல்லாரும் கோயிலில் ஆரம்பிப்பதால்தான் கோயிலிலேயே முடிக்கிறார்கள். ராஜேந்திரன் வடக்கே படை அனுப்பி, தோற்ற அரசர்கள் தலையில் கங்கை நீர்க் குடங்களை ஏற்றிக் கொண்டுவரச் செய்து, அந்த நீரை விட்டு ஓர் ஏரி அமைத்தான். சோழகங்கம் என்று பெயர். வெற்றித்தூணைக் கல்லில் நடாமல் நீரில் நட்டான் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு அதைப் புகழ்கிறது. அதுதான் இன்றைய பொன்னேரி. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் குறிப்பு ஒன்று, உடையார்பாளையம் தாலுகாவில் வடக்கு தெற்காக 16 மைல் நீளத்துக்கு ஒரு கரை இருப்பதாகவும், வலுவான மதகுகள் இருந்ததாகவும் எழுதுகிறது. 16 மைல் என்றால் 25 கிலோமீட்டருக்கு மேல். இப்போது போனால் கருவேலமரமும் புல்லும் மேயும் ஆடும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். மழை நன்றாகப் பெய்த வருடம் தண்ணீர் நிற்கும். கரைமேல் நின்று கிழக்கே பார்த்தால் விமானத்தின் உச்சி தெரியும் இடம் எங்கே என்று தேட வேண்டும். பேத்திக்கு அந்த வேலை.

ஏன் இங்கே வந்தான் என்று மாணவர்கள் கேட்பார்கள். பல காரணம் சொல்லப்படுகிறது. எனக்குப் பிடித்த காரணம் இது: சோழர்களுக்கு அப்போது பெரும் சண்டை வடமேற்கே சாளுக்கியர்களோடு. ஆடி, ஆவணியில் கொள்ளிடம் கரைபுரண்டு ஓடும். தஞ்சையில் உட்கார்ந்திருந்தால் படை காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்த பிறகுதான் வடக்கே திரும்ப முடியும். இங்கே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. கூடவே, தந்தையின் ஊர் தந்தையின் ஊர்தான். கங்கை கொண்டவனுக்கு அவன் பெயரில் ஊர் வேண்டும். கலீபா பட்டம் சூடியவருக்குப் புது நகரம் வேண்டியிருந்ததே, அதே கணக்கு.

பொன்னேரிக்குப் பிறகு கோயில். எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். கல் சூடேறிவிட்டால் வெறுங்காலில் பிராகாரம் சுற்ற முடியாது. விமானம் சுமார் 55 மீட்டர். தஞ்சை விமானத்தைவிட உயரம் குறைவு. தஞ்சையில் கோடு போட்டதுபோல நேராக ஏறும். இங்கே இடுப்பு வளைந்து ஏறும். எது அழகு என்று சண்டை போட ஆள் எப்போதும் கிடைக்கும். நான் அரியலூர்க்காரன், என் ஓட்டு எங்கே என்று கேட்காதீர்கள். வடக்குப் பக்கம் படியோரத்தில் சண்டேச அனுக்கிரக மூர்த்தி. சிவன் குனிந்து, பக்தன் தலையில் கொன்றை மாலையைச் சுற்றிக் கட்டுகிறார். சிலர் அதை ராஜேந்திரனுக்கே இறைவன் பட்டம் கட்டுவதாகவும் பார்க்கிறார்கள். அந்தக் குனிந்த தலையின் பணிவைப் பார்க்கப் பத்து நிமிடமாவது வேண்டும். செல்ஃபிக்கு அல்ல. எதிர்ப்பக்கம் ஞானசரஸ்வதி. உள்ளே ஒரே கல்லில் தாமரைபோலச் செதுக்கிய நவக்கிரகம். பிள்ளைகள் ஓடிப் போய் நிற்பது சிங்கக் கிணற்றில். அந்தச் சிங்கம் ராஜேந்திரன் காலத்தது இல்லை, மிகவும் பிற்காலத்தது என்று சொன்னால் முகம் வாடும். வாடட்டும், உண்மை உண்மைதான்.

1987இல் தஞ்சைக் கோயிலும், 2004இல் இதுவும் தாராசுரமும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2025 ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே வந்து போனார். தொலைக்காட்சியில் பார்த்த வெளியூர் நண்பர்கள் எனக்குப் போன் செய்து, "சார், உங்க ஊர் கோயில்" என்றார்கள். கோயில் என்றுதான் சொன்னார்கள். நகரம் என்று ஒருவரும் சொல்லவில்லை. சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகரம் இது. மதீனா அசஹாரா உயிரோடு இருந்தது 74 ஆண்டு மட்டும்.

நகரம் எங்கே? சுற்றியிருக்கும் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள். உட்கோட்டை. மாளிகைமேடு. ஆயுதக்களம். மெய்க்காவல்புத்தூர். சுண்ணாம்புக்குழி. கடாரங்கொண்டான். மெய்க்காவலர் இருந்த இடம், படைக்கலம் இருந்த இடம், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு எடுத்த இடம். பேருந்து நடத்துநர் தினமும் அந்த நகரத்தின் வரைபடத்தைக் கூவி விற்றுக்கொண்டிருக்கிறார். கல்வெட்டுகளில் ராஜராஜன் பெருவழி, ராஜேந்திரன் பெருவழி என்று சாலைகள் வருகின்றன. தெற்கே வேம்புகுடி வாசல் என்று ஒரு வாயில். சோழகேரளன் திருமாளிகை, முடிகொண்ட சோழன் திருமாளிகை என்று அரண்மனைகளின் பெயரே கிடைக்கிறது. நாம் படித்த பள்ளியின் கட்டடத்துக்குப் பெயர் இருந்ததா? அவர்கள் மாளிகைக்கு இருந்தது.

நடுப்பகலில் நடை சாத்தியிருப்பார்கள். அந்த நேரத்தில் மரத்தடியில் கட்டுச்சோறு. மகள் ஓட்டல் தேடுவாள். வேண்டாம், வீட்டம்மா புளிசாதம் கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டாயிற்று.

வெயில் தாழ்ந்ததும் மாளிகைமேடு. பேத்தி கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான். தொல்லியல் துறை 1980களில் அங்கே பல முறை தோண்டியது. பிறகு 2021 முதல் மறுபடியும் தோண்டினார்கள். சுட்ட செங்கல்லால் ஆன பெரிய சுவர்கள், கீழே கருங்கல் தாங்குகற்கள். அவற்றின் மேல் மரத்தூண்கள் நின்றிருக்க வேண்டும். கூரைக்குத் தட்டையான சிறு ஓடுகள், நல்ல சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாகப் பதித்தவை. மரத்தை இணைத்த இரும்பு ஆணிகளும் பட்டைகளும் குவியலாகக் கிடைத்தன. சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. யோசித்துப் பாருங்கள், சீனாவில் சுட்ட பாத்திரம் கடல் தாண்டி வந்து உட்கோட்டை மண்ணில் உடைந்து கிடக்கிறது. இறைவனுக்குக் கல், அரசனுக்குச் செங்கல்லும் மரமும். அதனால்தான் இறைவன் வீடு நிற்கிறது, அரசன் வீடு இல்லை. அவன் கட்டில் எங்கே கிடந்தது என்று காட்ட முடியாது. ஆனால் எந்தச் சுவருக்குள் தூங்கியிருப்பான் என்று காட்டலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க முடியாது.

1989. ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாளிகைமேட்டுப் பக்கத்திலிருந்து நடந்து வரும் பையன் ஒருவன், காக்கி டவுசர் பையில் எதையோ துருத்திக்கொண்டு வந்தான். பாடம் நடுவே எழுந்து நின்று, "சார், இது எங்க கொல்லையில கிடைச்சிச்சு சார்" என்று ஒரு சிவப்பு ஓட்டுத் துண்டை நீட்டினான். ஓரத்தில் வெள்ளையாகச் சாந்து ஒட்டியிருந்தது. நான் அன்று தொழிற்புரட்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஜேம்ஸ் வாட்டும் நீராவி இயந்திரமும். இன்ஸ்பெக்‌ஷன் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "குப்பையெல்லாம் எதுக்குடா கிளாசுக்குத் தூக்கிட்டு வர்றே? வெளியே போட்டுட்டு வந்து உக்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. பையன் வெளியே போனான், வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

சில வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில் மாளிகைமேடு அகழாய்வுப் பொருட்களின் படங்களைக் காட்டினார்கள். அதே ஓடு. அதே சாந்து. நான் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. அப்புறமும் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. கல்விச் சுற்றுலா என்றால் தஞ்சாவூர், மகாபலிபுரம், ஒரு தடவை மைசூர். பிள்ளைகளும் அதைத்தான் கேட்டார்கள், நானும் அதையே எழுதி அனுமதி வாங்கினேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் வண்டியை நிறுத்தியது இருபது நிமிடம், அதுவும் பிள்ளைகள் ஒதுங்கி வர.

இரண்டாம் நாளுக்கு வருகிறேன். காலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, அணைக்கரை. மருமகன் இதைப் பார்த்துவிட்டு, "அணைக்கட்டுல என்ன மாமா இருக்கு?" என்று கேட்டார். அங்கேதான் நகரம் இருக்கிறது மாப்பிள்ளை.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டினார்கள். ஆர்தர் காட்டன் என்ற பொறியாளரின் திட்டம். அதற்குக் கல் வேண்டும். காவிரிப் படுகையில் கருங்கல் மலை ஏது? பக்கத்தில் தயாராகச் செதுக்கிய கல் ஆயிரக்கணக்கில் நின்றது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதிலை ஏறக்குறைய முழுதாகப் பிரித்தார்கள், சிற்பக் கற்களையும் பெயர்த்தார்கள். அந்த நூற்றாண்டிலேயே அச்சான ஓர் ஆங்கில கெசட்டியர் குறிப்பு இதைச் சொல்கிறது. எழுதியவர் ஆங்கிலேயர் பக்கத்து ஆள், ஆனாலும் வெட்கத்தோடு எழுதுகிறார். ஏழை ஜனங்கள் தங்களால் முடிந்தமட்டும் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, அவமதிப்புக் குற்றம் என்று தண்டனைதான் கிடைத்தது என்கிறார். கல் மதிலுக்குப் பதில் செங்கல் மதிலாவது கட்டித் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்தார்களாம். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை என்பதையும் அவரே பதிவு செய்கிறார்.

அந்த ஏழை ஜனங்களின் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. உட்கோட்டையிலும் மெய்க்காவல்புத்தூரிலும் இன்று இருக்கிறவர்களின் பாட்டன் பூட்டன்களாக இருப்பார்கள். கையில் தடியா, வெறுங்கையா, பாறைக்கு முன்னால் படுத்தார்களா, மாட்டு வண்டியை மறித்தார்களா? கோர்தோபாவில் 1523இல் மசூதிக்குள் கதீட்ரல் கட்டக் கூடாது என்று நகரசபையே எதிர்த்தது. அது எழுத்தில் இருக்கிறது. நம் ஜனங்கள் எதிர்த்ததற்கு, தண்டித்தவர்கள் பக்கத்துக் குறிப்பில் ஒரு வரி சாட்சி.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரனைத் திட்டி கமெண்ட் போட ஆரம்பிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கல் இடம் மாறுவது உலகம் முழுக்க நடந்த கதை. கோர்தோபா மசூதியின் தூண்கள் ரோமானியரிடமிருந்து வந்தவை என்றேன். 997இல் அல்மன்சூர் என்ற தளபதி வடக்கே சாந்தியாகோ ஊரைத் தாக்கி, தேவாலய மணிகளைக் கைதிகள் தோளில் ஏற்றிக் கோர்தோபாவுக்குக் கொண்டுவந்து மசூதியில் விளக்காகத் தொங்கவிட்டதாகச் சொல்கிறார்கள். 1236இல் கோர்தோபா விழுந்தபோது அதே மணிகளை முஸ்லிம் கைதிகள் தோளில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்களாம். நம் ஆளும் சும்மா இல்லை. ராஜேந்திரன் மகன் ராஜாதிராஜன் சாளுக்கியரின் கல்யாணபுரத்தை எரித்துவிட்டு அங்கிருந்து ஒரு துவாரபாலகரைத் தூக்கி வந்தான். அதன் பீடத்திலேயே அதை வெட்டி வைத்தான். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் இன்றும் நிற்கிறது. தலையில் கங்கைக் குடம் சுமந்து வந்தவர்களுக்கும் பெயர் இல்லை, நினைவிருக்கட்டும்.

இன்னொன்று. கீழணையால் வந்த நன்மை கொஞ்சநஞ்சம் இல்லை. அங்கிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. என் மாமனார் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் நான் சாப்பிட்ட சம்பா அரிசிச் சோறு வடவாற்றுத் தண்ணீரில் விளைந்தது. 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கே போகிறது. மகள் வீட்டுக் குழாயைத் திறந்தால், ராஜேந்திரன் மதில்மேல் தட்டி வந்த தண்ணீரும் அதில் கலந்திருக்கும். இதை அவளிடம் சொன்னபோது கையிலிருந்த டம்ளரை ஒரு நிமிடம் பார்த்தாள். ஆகவே என் வழக்கு அணை கட்டியதன்மேல் இல்லை. அந்த மதில்மேல்தான். வேறு இடத்தில் கல் உடைத்திருக்கலாம், செலவு கூடியிருக்கும். செலவு கூடாமல் இருக்க ஒரு தலைநகரத்தின் எல்லையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருப்பித் தருகிறேன் என்று சொன்ன செங்கல் சுவரையும் தரவில்லை. இது கடன் கணக்கு.

அணைக்கரையில் நின்றுகொண்டு, இதுதான் அந்தக் கல் என்று காட்ட முடியாது. தண்ணீருக்கு அடியில், சுண்ணாம்புக்கு உள்ளே, ஷட்டருக்குக் கீழே எங்கோ இருக்கிறது. பேத்தி கேட்டால், இந்த இரைச்சல் கேட்கிறதே, இதற்குக் கீழே என்று சொல்வேன். அங்கிருந்து வீராணம் கரை. பொன்னியின் செல்வன் ஆரம்பிக்கும் இடம் என்றால் மருமகன் உடனே காரை நிறுத்துவார். அவர் படம் பார்த்தவர். மத்தியானத்துக்கு மேல் திரும்பிவிடலாம். நேரம் இருந்தால் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம். அதுவும் நம் மாவட்டத்துச் சொத்துதான். அதைப் பற்றித் தனிப் பதிவு.

வழியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, போன வாரம் தனியாக ஒரு ஒத்திகை போனேன். பஸ்ஸில் இறங்கி மாளிகைமேட்டுக்கு ஆட்டோ. வேலிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "சார், வணக்கம். என்னைத் தெரியுதா?" என்றார். தலை நரைத்திருந்தது, கையில் சிமெண்ட் காய்ப்பு. கொத்தனாராம். பெயரைச் சொன்னதும் எனக்குக் கால் கொஞ்சம் நடுங்கியது. வெயிலால் இல்லை.

நானே ஆரம்பித்தேன். "தம்பி, அன்னிக்கு நீ ஒரு ஓடு கொண்டுவந்தே..."

"அதையா சார் இன்னும் நெனச்சுக்கிட்டிருக்கீங்க? நீங்க வெளிய போடச் சொன்னீங்க. நான் போடல சார். சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி ஒளிச்சு வச்சிட்டு, சாயந்திரம் எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். இப்ப தோண்ட வந்தப்ப டிபார்ட்மெண்டு ஆளுங்ககிட்ட குடுத்தேன். எழுதி வாங்கிக்கிட்டாங்க."

முப்பத்து சொச்சம் வருடம் அவர் வீட்டு மாடக்குழியில் விளக்குப் பக்கத்தில் இருந்ததாம். "அந்தச் சாந்து இன்னும் உதிரலை சார். நான் எத்தனை வீடு கட்டியிருக்கேன், அப்படி ஒரு சாந்து எனக்கு இன்னும் பிடிபடல" என்றார். தொழில்காரன் பேச்சு. எனக்குப் பாடப் புத்தகத்தில் தெரியாதது அவருக்குக் கையில் தெரிந்திருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க சார்" என்று சொல்லிவிட்டு, அணை தாண்டி ஒரு வேலை இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பினார். சனிக்கிழமை பேத்தியோடு வருகிறேன் என்று சொன்னேன். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு நாலு மணிக்கு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். செங்கல் வரிசை எப்படிப் போட்டிருக்கிறார்கள், எங்கே சுவர் திரும்புகிறது என்று அவர் காட்டுவார். ஓட்டின் கதையை நான் பேத்தியிடம் சொல்லவில்லை. அதை அவரே சொல்லட்டும், நானும் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

வர விரும்பும் நண்பர்களுக்கு: தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். மாளிகைமேட்டில் நிழல் குறைவு, கடை இல்லை. தரையில் கிடக்கும் ஓட்டையோ செங்கல்லையோ எடுத்துப் பையில் போடாதீர்கள், பார்த்துவிட்டு வையுங்கள். கோயிலில் கால் சுடாமல் இருக்க சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். அணைக்கரையில் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், சுழல் இருக்கும்.

மகளின் அட்டவணையில் மதீனா அசஹாராவுக்கு அரை நாள் என்று இருந்ததை அவள் இப்போது முழு நாளாக மாற்றிவிட்டாள். மருமகன் செவில்லாவில் ஒரு கடைத்தெருவை அதற்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று கேள்வி. திரும்பி வந்ததும் படங்களோடு எழுதச் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பும்.